சுண்ணாம்புக்கு அடங்காத முதுகுகள்

அண்டியாபீஸ் சங்கு ஊதினால்தான் விடிந்ததாக அர்த்தம் என்று நம்பி வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? இருந்தால் கையைத் தூக்குங்கள். தோள்பட்டை வலி என்று சாக்குச் சொல்லக் கூடாது, எனக்கும்தான் வலிக்கிறது. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். முந்திரிக்கொட்டையை எங்கள் பக்கம் அண்டி என்பார்கள். அதை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கும் இடத்தை ஆலை என்றோ தொழிற்சாலை என்றோ ஒருவரும் சொன்னதில்லை. ஆபீஸ்தான். பெண் ஆபீசுக்குப் போகிறாள் என்று தரகர் சொன்னதைக் கேட்டு, மேசை நாற்காலியை மனதில் போட்டுக்கொண்டு வந்த வெளியூர் மாப்பிள்ளை வீட்டார், அவள் விரல்களைப் பார்த்ததும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்த கதைகள் நிறைய உண்டு.

அந்த விரல்கள் உங்களுக்கு மறந்திருக்காது. அண்டித்தோட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. ஈரமாகப் பட்டால் தோல் வெந்து உரியும். காய்ந்தால் கறுத்துப் படிந்துவிடும். அதனால் பெண்கள் கை நிறையச் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைக்க உட்காருவார்கள். அப்படியும் விரல் கறுக்காமல் இருக்காது. என் சித்தி சோறு பிசைந்து உருட்டித் தரும்போது நான் வாயை இறுக மூடிக்கொள்வேன்.

"அழுக்கு இல்லட்டீ இது. ஆபீஸ் எண்ணெய். தேச்சா போகாது, செத்தாலும் கூட வரும். வாயத் தொற" என்பாள்.

தேய்த்தால் போகாது என்று அவள் சொன்னது எவ்வளவு சரி என்று போன மாதம்தான் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், வழக்கம்போல எங்கேயோ சுற்றுகிறேன்.

அது கோடை விடுமுறை. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. தம்பி பிறந்து அம்மா வீட்டுக்குள் படுத்திருந்தாள். அவளுக்குத் தினமும் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவார்கள். பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து, பெற்ற வயிறு தொங்கிவிடாமல் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். அதற்கு வயிற்றுக்கட்டு என்று பெயர். நான் அந்த அறைக்குள் போய் நொய்நொய் என்று நச்சரித்ததால், "இவள எங்கயாவது கொண்டுபோட்டீ, எனக்குத் தல வெடிக்கு" என்று அம்மா தன் தங்கையிடம் என்னைத் தள்ளிவிட்டாள். சித்திக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பதினெட்டு இருக்கலாம். காலையில் தூக்குச்சட்டியை ஒரு கையிலும் என்னை மற்றொரு கையிலும் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு நடப்பாள்.

உடைக்கிற கொட்டகை நீளமாக இருக்கும். மேலே ஓடு. ஓட்டுக்கு நடுவே அங்கங்கே கண்ணாடி. வறுக்கிற பக்கத்திலிருந்து வரும் புகை கண்ணைக் கரித்தபடியே இருக்கும். பெண்கள் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஒரு கல், கையில் கொட்டுவடி என்கிற மரச்சுத்தி. டொக் டொக் டொக் என்று அத்தனை கல்லும் சேர்ந்து சத்தம் போடும். எதிரும் புதிருமாக உட்கார வைத்தால் பேச்சு வளர்ந்து வேலை கெடும் என்று மேஸ்திரி செய்த ஏற்பாடு அது. அதனால் அங்கே ஒருத்திக்கு இன்னொருத்தியின் முதுகுதான் தெரியும். முகத்தைப் பார்ப்பது சோற்று நேரத்தில் மட்டும்.

சித்தியின் இடம் கடைசி வரிசையில், சுவரை ஒட்டி. அவளுக்கு நேர் முன்னால் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பாள். முன்வரிசை அக்கா என்றே நான் கூப்பிடுவேன். அவளுடைய கொண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு தேங்காயைத் துண்டில் கட்டி வைத்த மாதிரி இருக்கும். அதிலிருந்து காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசம் புகையையும் தாண்டி என்னிடம் வரும். எனக்கு அதை ஒரு தடவையாவது அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மெல்ல நகர்ந்து கையை நீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் பட்டென்று என் கையில் ஓர் அடி.

"தலையத் தொட்டா கைய ஒடிச்சிருவேன் கேட்டியா."

ஆனால் கோபக்காரி இல்லை. மாலையில் சங்கு ஊதி, வாசலில் நிற்கிற பெண் எல்லோருடைய மடியையும் இடுப்பையும் தடவிப் பார்த்து வெளியே விட்டபிறகு, கொல்லாமரம் என்கிற முந்திரிமரம் நிற்கிற வளைவு வரைக்கும் நாங்கள் சேர்ந்தே நடப்போம். அங்கே அவள் கொஞ்சம் பின்தங்குவாள். பிறகு வந்து என் உள்ளங்கையில் இரண்டு பருப்பை வைத்து மூடுவாள். "வீட்டுக்குப் போறதுக்குள்ள தின்னுரணும், மக்கா." தோல் நீக்காத பருப்பு. கடித்தால் தேங்காயெண்ணெய் மணக்கும். பருப்பு என்றால் அப்படித்தான் மணக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். பிற்பாடு கடையில் வாங்கிய பருப்பில் அந்த மணம் இல்லாதபோது கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

சித்தி படம் போடுவாள் என்பது அங்கே போனபிறகுதான் எனக்குத் தெரியும். வீட்டில் அவள் கோலம்கூட ஒழுங்காகப் போட்டதில்லை. வாசல் தெளித்துவிட்டு ஏதோ நான்கு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிடுவாள். ஆபீசில் சோறு தின்ற கையோடு, மற்றவர்கள் சுவரில் சாய்ந்து கண்ணயரும்போது, இவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவாள். தோட்டிலிருந்து வடிந்த எண்ணெயைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்து வைத்திருப்பாள். ஒரு தென்னை ஈர்க்கிலின் நுனியைப் பல்லால் நைத்து அதில் தொட்டுத் தொட்டு வரைவாள். என்ன வரைவாள்? நாளெல்லாம் எதைப் பார்க்கிறாளோ அதைத்தான். முதுகுகள். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியது, கழுத்தெலும்பு துருத்தியது, ரவிக்கையின் கிழிசலை ஊக்கால் மூடியது, தோளில் தோர்த்துத் துண்டு போட்டது, போடாதது. ஒரு முகம் கிடையாது. ஆனால் எனக்கே யார் யார் என்று சொல்ல முடிந்தது. பெண்கள் வந்து நின்று பார்த்துச் சிரிப்பார்கள். "ஏட்டி, எனக்க முதுகு இப்பிடியா வளஞ்சு கெடக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டுவிட்டு அன்று பிற்பகல் முழுவதும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள் பாவம்.

அக்காவின் முதுகைச் சித்தி கடைசியில்தான் வரைந்தாள். அவளுக்கும் அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. என் தம்பியைவிட அது சில நாள்தான் மூத்தது. அம்மாவுக்கு வீட்டில் வெந்நீரும் மருந்தும் நடந்துகொண்டிருந்த அதே சமயத்தில் இவள் வயிற்றுக்கட்டை இறுக்கிக்கொண்டு வந்து கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பிறந்து மாதக்கணக்காகிவிட்டது என்று மேஸ்திரியிடம் பொய் சொல்லித்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். உண்மை தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் அவ்வப்போது கொட்டுவடியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி மூச்சு வாங்குவதைச் சித்தி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். வரைந்தபோது இடுப்பில் அந்த வயிற்றுக்கட்டையும் தடிப்பாக வரைந்தாள்.

நான் படத்தை உற்றுப் பார்த்தேன். அந்த வயதில் எனக்கு வாய் அதிகம். "சித்தி, தப்பாப் போட்டிருக்க. அக்காக்க கொண்டை இம்புட்டு சின்னதா?" என்று உரக்கக் கேட்டேன். படத்தில் அது ஓர் எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது.

சித்தி என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். தோல் கன்றிப் போயிற்று. "பொத்திக்கிட்டு இரிட்டீ." குறை சொன்னதற்குக் கிள்ளுகிறாள், படம் போடுகிறவர்களுக்கு ரோஷம் அதிகம் என்று எண்ணிக்கொண்டு அழுதேன்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மேஸ்திரி சோற்று நேரத்தில் கொட்டகைக்குள் வந்தார். அவரைப் பொல்லாதவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் என்னைக் கண்டால் சட்டைப்பையிலிருந்து புளிப்பு மிட்டாய் எடுத்துத் தருகிறவர் அவர். பருப்பு எடை குறைந்தால் முதலாளி அவரைத்தான் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து ஏசுவார். அந்த வாரம் நன்றாக ஏச்சு வாங்கியிருந்தார். சுவரைப் பார்த்து முதலில் சிரித்தார். "ஆரு போட்டது இது? கொள்ளாமே!" என்று மெச்சி, ஒவ்வொரு முதுகாக விரலால் சுட்டி ஆளைச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாகச் சொன்னார். பெண்களும் கைகொட்டிச் சிரித்தார்கள். சித்தியின் முகம் சிவந்து கிடந்தது, அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

கடைசி முதுகுக்கு வந்ததும் அவர் விரல் நின்றது.

"இது என்ன இடுப்புல, இம்புட்டு தடியா?"

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"எந்திரி. அத அவுத்துக் காட்டு."

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி. துணியாக்கும்."

"துணின்னா அவுத்துக் காட்டேன். பருப்பு எங்கயாக்கும் போகுதுன்னு எனக்கும் தெரியண்டாமா?"

அக்கா எழுந்து நின்றாள். அத்தனை பேருக்கு நடுவே, ஓர் ஆண்பிள்ளைக்கு முன்னால், பெற்ற வயிற்றின் கட்டை அவள் எப்படி அவிழ்ப்பாள்? "அவுக்க மாட்டேன்" என்றாள். தோர்த்தை உதறித் தோளில் போட்டாள். சித்தியை ஒரு பார்வை பார்த்தாள். படம் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. சோற்றுச் சட்டியைக்கூட எடுக்காமல் நடந்துவிட்டாள். தடவிப் பார்க்கிற பெண் மிரண்டு போய் வழி விட்டாள். அவ்வளவுதான். பிறகு அக்காவை ஆபீசுக்குள் விடவில்லை. அவிழ்க்காததே போதும், அவள் கள்ளி என்று மேஸ்திரி முடிவு கட்டினார். அன்று பிற்பகலே ஆளை வைத்துச் சுவரில் சுண்ணாம்பு அடித்துவிட்டார். அக்காவின் சட்டி சுவரோரம் ரொம்ப நாள் கிடந்தது. பித்தளை மூடி போட்ட சட்டி. பிறகு அது எங்கே போனதென்று தெரியாது.

ஆபீசில் பேச்சு ஒரே நாளில் முடிவாகிவிட்டது. "படம் போட்டு அவளுக்க சோத்துல மண்ண வாரிப் போட்டா." சித்தி பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அவளுடைய கொட்டுவடியை யாரோ வறுக்கிற அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அம்மா தம்பிக்குப் பால் கொடுத்தபடி, "நீ எதுக்குட்டீ ஊருல உள்ளவளுக்க இடுப்ப எல்லாம் வரையப் போன? உனக்கென்ன கிறுக்கா?" என்று கேட்டபோதும் பதில் இல்லை. அடுக்களையில் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். மழைக்காலம் தொடங்கிப் பள்ளிக்கூடம் திறந்தபோது, வந்த முதல் சம்பந்தத்துக்குத் தலையை ஆட்டினாள். பூதப்பாண்டிப் பக்கம். வயல்காட்டு வீடு. அதோடு ஊருக்கு வருவதும் குறைந்துவிட்டது. திமிர் பிடித்தவள், ஊரைக் கெடுத்துவிட்டு ஓடிவிட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

சுவர் என்ன ஆயிற்று என்பதை அங்கே கடைசிவரை வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். சுண்ணாம்பு காய்ந்ததும் தவிட்டு நிறத்தில் முதுகுகள் மேலே வந்தனவாம். மறுபடி அடித்தார்கள், மறுபடி வந்தன. எண்ணெய்க்கு முன்னால் சுண்ணாம்பு என்ன செய்யும்? மேஸ்திரி சலித்துப் போய் அந்தச் சுவரை மறைத்துச் சாக்குகளை அடுக்கிவிட்டார். ஆபீஸ் மூடிய பிறகும் சாக்கு அப்படியே இருந்து மக்கியது.

இப்போது முதலாளியின் பேரன் வளைகுடாவிலிருந்து வந்து அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டப் போகிறான். இடிப்பதற்கு முன் கொட்டகையைப் படமெடுக்க நாகர்கோவிலிலிருந்து ஓர் ஓவிய டீச்சர் மாணவிகளோடு வந்தார். சாக்கை நகர்த்தியிருக்கிறார்கள். டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். யார் வரைந்தது என்று ஊரெல்லாம் விசாரித்து என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

சுவரின் பூச்சை அறுத்தெடுத்து நாகர்கோவிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதுதான் அவர் யோசனை. நல்ல விளக்கு, நல்ல அரங்கு. கொத்தனார் ஒரு மூலையில் உளியை வைத்ததும் பூச்சு மாவாகக் கொட்டியது. டீச்சர் பதறிப்போய் நிறுத்தச் சொன்னார். "சரி, படம் வராதுன்னா ஆளுங்க வரட்டும்" என்றார். இடிக்கிற வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொட்டகையிலேயே காட்டுவது என்று முடிவாயிற்று. பேரனும் நல்ல பிள்ளை, ஆள் வைத்துக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தான்.

நான் பூதப்பாண்டிக்கு பஸ் ஏறினேன். சித்தி முற்றத்தில் காயும் நெல்லைக் கொத்த வந்த கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கோழியை விரட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

"எனக்கு அந்தச் சொவரும் வேண்டாம், அந்த ஊரும் வேண்டாம். நீ ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ."

"எல்லாரும் உன்ன கேக்காங்க சித்தி."

"எல்லாரும்னா?" என்று கம்பைக் கீழே வைத்தாள். "எனக்கு முன்னால இருந்தவ உயிரோட இருக்காளா?"

"புதுக்கடைப் பக்கம் மக வீட்டுல இருக்காங்களாம்."

"அவ வந்தா வாறேன். அவ வரலன்னா எனக்கு அங்க என்ன சோலி?"

புதுக்கடைக்கும் போனேன். மகள் தையல் கடை வைத்திருக்கிறாள். அன்றைய கைக்குழந்தை, என் தம்பியின் வயது, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ரவிக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அக்கா கட்டிலில் இருந்தாள். நான் யார் என்று சொன்னதும் முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் கையை விட்டாள்.

"என்ன கள்ளியாக்கின படத்த நான் வந்து பாக்கணுமோ? இந்தா நிக்காளே, இவளுக்குப் பால் வத்திப்போச்சு தெரியுமா? வேல இல்லாம, தின்ன இல்லாம. அந்த ஊருல ஒரு வீட்டுலயும் என்ன வேலைக்கு விளிக்கல்ல. பருப்புக் கள்ளின்னு எனக்குப் பேரு."

அவள் சொன்னதில் எதை மறுப்பது? எழுந்தேன். மகள்தான் கத்தரிக்கோலோடு வாசலில் நின்று கேட்டாள்.

"அம்மா, நீ அந்தப் படத்த ஒரு தடவ கூடப் பாத்ததே இல்லல்லா?"

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் சித்தியிடம் போனில் "வருவாங்க போல" என்று புளுகினேன். வேறு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை ஜேஜே என்று இருந்தது. வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். உள்ளே கயிறு கட்டி, ஆள் உயரத்துக்கு விளக்குகள் தொங்கவிட்டிருந்தார்கள். படங்களோ இடுப்புக்குக் கீழே இருந்தன. தரையில் உட்கார்ந்து வரைந்தது வேறு எங்கே இருக்கும்? வந்தவர்கள் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். சித்தி கைத்தடியோடு உள்ளே வந்தாள். சுவரைப் பார்க்காமல் கூட்டத்தைத்தான் முதலில் பார்த்தாள். தேடிய முகம் இல்லை. என்னை முறைத்தாள். பிறகு விளக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"டீச்சரே, அந்த லைட்ட அணச்சிட்டு எல்லாரையும் தரையில இரிக்கச் சொல்லுங்க. இது இருந்து பாக்க வேண்டியதாக்கும்."

டீச்சர் உடனே கயிற்றை அவிழ்த்தார். விளக்குகள் அணைந்தன. ஓட்டின் கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சம்தான் இருந்தது, அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே. பட்டுச்சேலைக்காரிகளும் பேண்ட் போட்ட பெண்களும் தரையில் சம்மணம் போட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். எதிரே சுவர் இருக்கிற மாதிரியே இல்லை. நமக்கு முன்னால் இன்னும் சில வரிசைப் பெண்கள் உட்கார்ந்து அண்டி உடைக்கிறார்கள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் போல் இருந்தது. அவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அப்போது வெளியே ஆட்டோ நின்ற சத்தம். மகளின் தோளைப் பிடித்தபடி அக்கா உள்ளே வந்தாள். தரையில் இருந்தவர்கள் நகர்ந்து வழி விட்டார்கள். சித்தி எழப் பார்த்தாள், முடியாமல் அப்படியே இருந்தாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகச் சுவருக்குப் போனாள். ஒவ்வொரு முதுகாகப் பார்த்து, கடைசி முதுகின் முன்னால் நின்றாள். மகள் பிடிக்க, மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். விரலை நீட்டி இடுப்புக் கட்டைத் தடவினாள். இரண்டு சுற்று, அதன் முடிச்சு எல்லாம் அப்படியே இருந்தது. விரல் மேலே போயிற்று. தலைக்கு வந்ததும் நின்றது.

"இது நான் இல்ல" என்றாள்.

டீச்சர் நெருங்கி வந்தார்.

"எனக்க கொண்டையா இது? ஊருக்கே தெரியுமே எனக்க கொண்ட எம்புட்டுன்னு. இம்புட்டு சின்னதா..." சுவரையே பார்த்தபடி இருந்தாள். பிறகு, திரும்பாமலே, தணிந்த குரலில் கேட்டாள். "ஏட்டி. நீ அறிஞ்சிருந்தியா?"

"நேர் பொறத்தால இருந்தவளுக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள் சித்தி. "நீ குனியும்போ கொண்டைக்குள்ள இருந்து ரெண்டு பருப்பு வெளிய தெரியும். அத மேஸ்திரி பாத்துரப் பிடாதுன்னுதான் படத்துல கொண்டய சின்னதா ஒதுக்கிப் போட்டேன். வயித்துக்கட்ட எவன் பாக்கப் போறான்னு நெனச்சேன்."

என் தொடையில் அந்தப் பழைய கிள்ளு வலித்தது. தேங்காயெண்ணெய் மணத்த பருப்பு எங்கிருந்து வந்தது என்பதும் அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வயதாகியும்!

"பின்ன நீ ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல? எனக்க வீடு தேடி வந்து சொல்லியிருக்கலாம்லா."

"வந்தேன். நீ கதவத் தொறக்கல்ல. வெளிய நின்னு கத்திச் சொல்ல முடியுமா? ஒருத்தி காதுல விழுந்தா மறுநாள் வாசல்ல மேஸ்திரி எல்லாருக்க கொண்டையையும் அவுத்துருவான். எல்லா தலையிலயும் ரெண்டு ரெண்டு இருந்துது. பிள்ளையளுக்குக் கொண்டுபோறது."

தன் கொட்டுவடியை அடுப்பில் போட்டவர்களின் தலைகளையும் சேர்த்துத்தான் சித்தி காப்பாற்றியிருக்கிறாள். வாயைத் திறக்காமல் பாத்திரம் தேய்த்த அந்தப் பெண்ணைத்தான் திமிர் பிடித்தவள் என்றோம்.

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மகள் குனிந்தாள். அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓரமாக நின்ற முதலாளியின் பேரனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"மக்கா, உனக்க தாத்தா பருப்பு போகுது பருப்பு போகுதுன்னு ராவும் பகலும் ஏசுவாரு. கேட்டுக்கோ. இந்த மண்டையில வச்சாக்கும் கொண்டுபோனது."

அவன் கைகூப்பிவிட்டான். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. டீச்சர் கண்ணைத் துடைத்தார்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. தடியை ஊன்றி நகர்ந்து நகர்ந்து போய், அக்காவுக்கு நேர் பின்னால், ஒரு கல்லும் கொட்டுவடியும் வைக்கிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவின் முதுகையும் அதற்கு அப்பால் சுவரிலிருந்த முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்காவின் முடி எல்லாம் கொட்டி, மிச்சமிருந்த நரையை மகள் அள்ளி ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு முடிந்து விட்டிருந்தாள்.

"இப்ப படம் சரியா இருக்குட்டீ" என்றாள் சித்தி.

அக்கா திரும்பவில்லை. கையைப் பின்னால் கொண்டுவந்து தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை அப்படியே பின்பக்கமாகச் சித்தியிடம் நீட்டினாள்.